பனிமலைகளும் நிலப்படமும்

குளிர்காலம் வந்ததும் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள ராக்கி மலைகளை வெண்பனி மூடிவிடுகிறது. நீண்ட பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, அப்பனியின்மீது உச்சியிலிருந்து அடிவாரம்வரை வழுக்கி இறங்குவது அந்நாட்டாருக்கு மிகவும் விருப்பமான விளையாட்டாகும். இதனைப் பனிச்சறுக்கு என்பர். கொலராடோ மாநிலத்திலுள்ள வேய்ல் என்னும் மலை இவ்விளையாட்டிற்குப் பெயர்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் மலைப்படையில் பணியாற்றிப் படுகாயமுற்று மீண்டவர் பீட் சைபர்ட்டு. அவரும் எர்ல் ஈட்டன் என்பவரும் 1957ஆம் ஆண்டில் இம்மலைமீது ஏறிப் பார்த்தனர். அங்கே பரந்து கிடந்த பனிச்சரிவுகளைக் கண்டதும் அவ்விடத்தில் ஒரு விளையாட்டுத்தலம் அமைக்க உறுதி கொண்டனர். 1962 டிசம்பர் 15ஆம் நாள் அது திறக்கப்பெற்றது.

அன்று ஒரே மலையாக இருந்தது, பின்னர்ப் பெரியதொரு நிறுவனமாக வளர்ந்தது. 2024ஆம் ஆண்டில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 42 பனிச்சறுக்குத் தலங்கள் அதன் கீழ் இருந்தன. இந்நிறுவனம் எங்கெங்கே காலூன்றியிருக்கிறது? ஏன் அவ்விடங்களைத் தேர்ந்தது? பெயர்ப்பட்டியலை எத்துணை முறை படித்தாலும் விடை கிடைக்காது. பட்டியலை நிலப்படமாக மாற்றினால்தான் உண்மை புலப்படத் தொடங்கும்.

மாற்றும் முறை எளிது. ஒவ்வோர் இடத்திற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்கள் உண்டு. வேய்ல் ஏறக்குறைய வடக்கு 39.6 பாகையிலும் மேற்கு 106.4 பாகையிலும் உள்ளது. ஆஸ்திரேலியாவிலுள்ள பெரிஷர், தெற்கு 36.4 பாகையிலும் கிழக்கு 148.4 பாகையிலும் உள்ளது. இவ்வெண்களைக் கணிப்பொறியில் இட்டால், அது நிலப்படத்தில் உரிய இடத்தில் ஒரு புள்ளி வைக்கும். மேற்கையும் தெற்கையும் குறிக்க எண்ணுக்கு முன்னே கழித்தல் குறி இடுவது வழக்கம். அச்சிறு கோட்டை எழுத மறந்தாலோ, கொலராடோவின் மலை சீன நாட்டின் வடபகுதியில் போய் அமர்ந்துவிடும்! ஆதலின் இத்தொழிலில் பழகியோர் முதலில் செய்வது ஆராய்ச்சியன்று. ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்தலேயாம்.

புள்ளிகளை மாநிலவாரியாக எண்ணும்போது ஒரு வியப்புத் தோன்றுகிறது. நிறுவனத்தின் பிறப்பிடமாகிய கொலராடோவில் இருப்பவை ஐந்தே. பெரிய பனிமலை எதுவுமில்லாத பென்சில்வேனியாவிலோ எட்டு, ஓகையோவில் நான்கு. இதனைக் கொண்டு நிறுவனத்தின் வலிமை பென்சில்வேனியாவில் உள்ளது என்று கூறுவது பெரும் பிழையாகும். கனடாவிலுள்ள விஸ்லர் பிளாக்கோம் 8,171 ஏக்கர் பரப்புடையது. மிச்சிகன் மாநிலத்து மவுண்ட் பிரைட்டன் சுமார் 130 ஏக்கரே. ஆயினும் நிலப்படத்தில் இரண்டிற்கும் கிடைப்பது ஒவ்வொரு புள்ளிதான். யானைக்கும் ஒரு தலை, எறும்புக்கும் ஒரு தலை என்று எண்ணுவது போன்றது இது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெவன்லி என்னும் தலம் கலிபோர்னியா, நெவாடா ஆகிய இரு மாநிலங்களின் எல்லைமீதே படுத்திருக்கிறது. அதனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அப்படியாயின், உயர்ந்த மலைகளை உடைய நிறுவனம் சில நூறு அடியே உயரமுள்ள குன்றுகளை விலைகொடுத்து வாங்குவானேன்? மலைகளின் புள்ளிகளோடு நகரங்களின் புள்ளிகளையும் சேர்த்து வைத்தால் விடை தானே வெளிப்படும். 2012ஆம் ஆண்டில் வாங்கப்பெற்ற மவுண்ட் பிரைட்டன் டெட்ராயிட் நகருக்கு அருகிலுள்ளது. அதே ஆண்டில் வாங்கிய ஆப்டன் ஆல்ப்ஸ், மினியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களுக்கு அருகிலுள்ளது. 2016ஆம் ஆண்டில் வாங்கிய வில்மட்டோ சிகாகோ மக்கள் எளிதில் சென்று திரும்பக்கூடிய குன்று. நகரத்துச் சிறுவன் பள்ளி விட்டதும் சென்று சறுக்கக் கற்றுக்கொள்வது இத்தகைய குன்றில்தான். அவன் குடும்பத்தார் ஒரு பருவச் சீட்டு வாங்குகின்றனர். 2008ஆம் ஆண்டில் இந்நிறுவனம் தொடங்கிய பருவச் சீட்டு, பனி விழுவதற்கு முன்பே விற்கப்படுவது. பல தலங்களுக்கு ஒன்றாகவே செல்லுவது. அச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர், விடுமுறையில் தொலைதூரப் பயணம் செல்ல எண்ணும்போது எந்த மலையை நாடுவார் என்று கூறவும் வேண்டுமோ? சிறு குன்றுகள் ஓடைகள். அவை பெருமலைகளுக்கு மக்களைக் கொண்டு சேர்க்கின்றன. இவ்வாறு நோக்கினால், நிறுவனம் தேடியது பனியுள்ள இடங்களை மட்டுமன்று, மக்கள் வாழும் இடங்களையும் ஆகும் என்பது தெளிவாகும்.

அருகில், தொலைவில் என்று சொல்லும்போது தூரத்தை எவ்வாறு அளப்பது என்பதும் ஆராய வேண்டியதே. அளவுகோல் கொண்டு நேர்கோடு இழுப்பது மலைநாட்டில் பயன்படாது. டென்வர் நகரிலிருந்து வேய்லுக்குச் சாலைவழி ஏறக்குறைய 100 மைல். அச்சாலை சுமார் 11,000 அடி உயரத்தில் ஒரு சுரங்க வழியாக மலையைக் கடக்கிறது. குளிர்கால வாரவிடுமுறைகளில் வண்டிகள் அங்கே ஊர்ந்துதான் செல்லும். ஆகவே மைலைவிட மணிக்கணக்கே உண்மையான அளவாகும்.

இவ்வளவு நுட்பம் வெறும் ஆராய்ச்சியாளர்க்கே உரியது என்று எண்ண வேண்டா. வேய்ல் மலையை உடையோர் கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ், அரப்பாகோ பேசின் என்னும் மூன்று தலங்களையும் வேறொரு நிறுவனத்திடமிருந்து வாங்க முற்பட்டனர். 1997ஆம் ஆண்டில் அமெரிக்க நீதித்துறை குறுக்கிட்டது. விமானத்தில் வரும் தொலைதூரப் பயணிக்கு வேறு பல மாநிலங்களிலும் மலைகள் உண்டு. டென்வர் முதலிய ஊர்களில் வாழ்ந்து, காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்புவோர்க்கோ சில மலைகளே உண்டு. அவை பெரும்பாலும் ஒருவர் கைக்குப் போய்விட்டால் கட்டணம் உயரும் என்று நீதித்துறை வாதிட்டது. இறுதியில் அரப்பாகோ பேசினை வேறொருவருக்கு விற்றுவிட வேண்டும் என்னும் கட்டளைக்கு உட்பட்டே அவ்வாணிகம் நிறைவேறியது. போட்டி உண்டா இல்லையா என்பதை முடிவு செய்தது தூரமே.

அந்நாளில், மக்கள் எங்கிருந்து வருகின்றனர் என்பதை அறிய அவர்களையே கேட்க வேண்டியிருந்தது. இந்நாளில் கைப்பேசிகள் கேளாமலே சொல்லிவிடுகின்றன. கைப்பேசியிலுள்ள சில செயலிகள் அஃது இருக்கும் இடத்தை அவ்வப்போது குறித்துவைக்கின்றன. அக்குறிப்புகளைத் தொகுத்துப் பெயரை நீக்கி விற்கும் வாணிகம் ஒன்று உண்டு. வாங்குவோர் மலையைச் சுற்றி நிலப்படத்தில் ஒரு வேலி வரைந்து, அதனுள் வந்த கைப்பேசிகளை எண்ணுகின்றனர். அவை இரவில் எங்கே தங்குகின்றன என்று பார்த்து ஊரையும் கணிக்கின்றனர். இதிலும் தவறுகள் நேரும். வேய்ல் மலையின் அடிவாரத்தை ஒட்டியே நெடுஞ்சாலை செல்கிறது. வேலியைச் சற்றே அகலமாக வரைந்தால் சாலையில் கடந்து போகும் வண்டியோட்டியும் சறுக்க வந்தவராகிவிடுவார். நாள்தோறும் வரும் தொழிலாளியோ, தீராத விளையாட்டு ஆர்வமுடையவராகத் தோன்றுவார்.

தவறுகளை நீக்கியபின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவாரா? 15 லட்சம் கைப்பேசிகளின் 15 மாத இடக்குறிப்புகளை ஆராய்ந்த அறிஞர் சிலர் 2013ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஒருவர் இருந்த இடமும் நேரமும் நான்கு மட்டும் தெரிந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை மற்றெல்லாரிடமிருந்தும் தனியே பிரித்தறிந்துவிடலாம் என்பதே அம்முடிவு. இரவில் உறங்கும் வீடு, பகலில் உழைக்கும் அலுவலகம், பிள்ளை படிக்கும் பள்ளி, குளிர்காலத்தில் சென்ற பனிமலை ஆகிய நான்குமே அதற்குப் போதும்.