வாகனமும் கணிப்பொறிக் கல்வியும்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. அவற்றை அடுத்திருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. பாறசாலையிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, களியக்காவிளைக்கு அப்பாலுள்ள உறவினர் அடுத்த மாநிலத்தவர் ஆயினர். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்குச் சென்ற தமிழரின் நிலை வேறெனினும், இரு சாராருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பதே அது. மோட்டார் வாகனத் தொழில் கணிப்பொறி கற்றவரை நாடும் இந்நாளில், அக்கல்வி எத்தகையது என்பதை இங்கு ஆராய்வோம்.

இன்றைய மோட்டார் காரில் ஒரு கணிப்பொறி அன்று, பல கணிப்பொறிகள் உள்ளன. ஒன்று என்ஜினுக்குச் செல்லும் எரிபொருளை அளக்கிறது. ஒன்று பிரேக்கைக் கவனிக்கிறது. மற்றொன்று விபத்தின்போது காற்றுப் பையை விரிக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாள் தொட்டு, புதிய வாகனங்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக மோட்டார் சைக்கிள்களிலும் பழைய கார்பரேட்டருக்குப் பதிலாகக் கணிப்பொறி ஆளும் எரிபொருள் பீச்சி பெரும்பாலும் இடம்பெற்றுவிட்டது.

இக்கணிப்பொறிகளுக்கும் அலுவலகக் கணிப்பொறிக்கும் உள்ள முக்கிய வேற்றுமை காலத்தைப் பற்றியது. வங்கிக் கணக்கைக் காட்டும் பொறி ஒரு விநாடி தாமதித்தால் நமக்கு நட்டமில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியோ விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆகவே, விடை சரியாக இருப்பதோடு, குறித்த காலத்திற்குள் வந்து சேரவும் வேண்டும். இதற்கெனத் திட்டமிடும் முறையைக் கற்பதே வாகனக் கணிப்பொறிக் கல்வியின் உயிர்நாடி எனலாம்.

இப்பொறிகள் தம்முள் பேசிக்கொள்ளவும் வேண்டும். அதற்கென 1986-இல் ஜெர்மனி நாட்டுப் பாஷ் நிறுவனம் 'கேன்' என்னும் செய்தித் தொடர்பு முறையை வெளியிட்டது. முறுக்கிய இரு கம்பிகளின் வழியே எல்லாச் செய்திகளும் செல்கின்றன. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு செய்திகள் ஒரே சமயத்தில் புறப்பட்டால், சிறிய எண்ணுடையது முன்னே செல்லும், மற்றது காத்திருக்கும். நெரிசல் மிகுந்த களியக்காவிளைச் சாலையில் ஆம்புலன்சுக்கு வழிவிட்டுப் பிற வண்டிகள் ஒதுங்கி நிற்பதை இதற்கு உவமையாகக் கூறலாம்.

வண்டிக்கு வெளியேயும் கணிப்பொறிக்கு வேலை உண்டு. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மிகக் குறுகிய வழியைக் காணும் முறையை டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்டார். வழிகாட்டும் கருவிகள் பலவற்றிற்கு அதுவே அடிப்படை. 2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் பேருந்து முதலிய பொது வாகனங்களில், அவை இருக்குமிடத்தை அறிவிக்கும் கருவியும் ஆபத்துக்கால விசையும் அமைய வேண்டுமென மத்திய அரசு விதித்தது. இவையும் இத்துறையைச் சார்ந்தவையே.

இனி, எதைப் படிப்பது? கணிதமும் பௌதிகமும் பள்ளியிலேயே ஊன்றிக் கற்க வேண்டியவை. பின்னர், 'சி' மொழி, இயக்க முறைமை, கணிப்பொறி வலையமைப்பு, மின்னணுவியல், கட்டுப்பாட்டியல் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். வாகன மின்னணுப் பாதுகாப்பைப் பற்றி 2011-இல் வெளியான 26262 என்னும் பன்னாட்டுத் தர விதியைப் பின்னர்ப் பயிலலாம். கவர்ச்சியான புதுப் பெயர் தாங்கிய படிப்பு என்பதற்காக நிலத்தை ஈடுவைத்துக் கடன்பட்டுச் சேர்வதற்கு முன், பெற்றோர் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தல் நலம். மேற்கூறிய பாடங்கள் அதில் உளவா, பயிற்சிக் கூடம் உண்டா, சர்க்கார் அங்கீகாரம் உண்டா என்று விசாரித்தறிய வேண்டும். அவை செவ்வையாக அமைந்த சாதாரணக் கணிப்பொறிப் பட்டமே இத்தொழிலுக்குப் போதிய அடித்தளமாகும்.

எல்லைச் சிற்றூர்களில் உள்ளோர் இதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1979-இல் திறக்கப்பெற்ற திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இரயில் பாதை நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியே செல்கிறது. 1939-இல் தோன்றிய அரசு பொறியியல் கல்லூரியும், 1990-இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க்கும் திருவனந்தபுரத்தில் உள்ளன. அங்கே டாடா எல்க்ஸி நிறுவனத்தார் வாகன மென்பொருள் வேலையும் செய்கின்றனர். நிஸ்ஸான் நிறுவனமும் 2018-இல் திருவனந்தபுரத்தைத் தன் மையங்களுள் ஒன்றுக்கு இடமாகத் தேர்ந்தது.

பட்டப் படிப்பு எல்லோருக்கும் இயல்வதன்று. தனுவச்சபுரம் அரசு தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் கற்றுப் பட்டறையில் அமரும் இளைஞருக்கும் இவ்வறிவு தேவை. கோளாறு கண்டறியும் கருவி ஓர் எண்ணைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. புகையை அளக்கும் உணரி பழுதென்று எண் சொல்லும். உண்மையில் புகைக்குழாயில் கசிவு இருக்கும். எண்ணை மட்டும் நம்பினால் வண்டிக்காரர் வீணாகப் புது உணரி வாங்க நேரும். பொறியின் இயல்பை உணர்ந்தவரே இரண்டையும் பகுத்தறிவர்.

இறுதியாக, மொழி. தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க வசதி செய்ய வேண்டுமென அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு மாநிலங்களைப் பணிக்கிறது. ஆயினும், தமிழில் பயின்ற பிள்ளைகள் கல்லூரி வாயிலில் ஆங்கிலக் கலைச்சொற்களைக் கண்டு மருண்டு, படிப்பைக் கைவிடுதல் கூடும். கருத்தை முதலில் தமிழில் வீட்டாருக்கு விளக்கிச் சொல்லட்டும். பிறகு அதனையே ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும். எந்த மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பமும் இப்பயிற்சியை இன்றே தொடங்கலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.