மரவள்ளியிலுள்ள நஞ்சும் அதனை நீக்கும் முறையும்

நெல் பொய்த்த காலங்களிற் பல குடும்பங்களின் பசியைத் தீர்த்த பயிர் மரவள்ளி. வரட்சியைத் தாங்கி, வளங்குன்றிய நிலத்திலும் கிழங்கு தரும் இச்செடி, பூச்சிக்கும் விலங்குக்கும் இரையாகாதபடி தன்னைக் காக்கும் ஒரு நஞ்சையும் கொண்டுள்ளது. அந்நஞ்சு உண்டாகும் விதத்தைக் கமக்காரர் அறிந்திருப்பின், அதனை நீக்கும் முறை எளிதில் விளங்கும்.

மரவள்ளியின் கலத்தினுள் சாறு நிறைந்த சிறு பை ஒன்று உண்டு. லினமரின் என்னும் பொருள் அதனுள் அடைபட்டிருக்கும். அதனைச் சிதைக்கும் நொதியமோ கலச்சுவரில் உள்ளது. இவ்விரண்டும் சேராதவரை நஞ்சு தோன்றுவதில்லை. ஆடு இலையைக் கடித்தவுடன், அல்லது கத்தி கிழங்கிற் பட்டவுடன், கலம் உடைந்து இரண்டும் கலக்கின்றன, ஐதரோசயனிக்கமிலம் வெளிப்படுகின்றது. இவ்வமிலம் உடலிற் சேரின், குருதி கொணரும் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றலை நமது கலங்கள் இழந்துவிடும்.

ஆயினும் இவ்வமிலம் ஏறத்தாழ 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாவது; நீரிலும் கரைவது. ஆகவே நொதியம் தன் வேலையைச் செய்ய அவகாசம் கொடுத்து, உண்டாகும் அமிலத்தை வெளியேறவிடுதலே செய்யத்தக்கது. சதையிலும் பார்க்கத் தோலில் நஞ்சு மிகுதியாதலால், தோலைத் தடிப்பாக உரித்தல் வேண்டும். கிழங்கைச் சிறு துண்டுகளாக வெட்டி நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுக. பின்னர் நிறையப் புதுநீரிலிட்டுப் பாத்திரத்தை மூடாது அவித்து, அவித்த நீரையும் வடித்துவிடுக. முழுக்கிழங்கைக் கொதிநீரில் இடுதல் நன்றன்று. வெப்பத்தால் நொதியம் முதலில் அழிய, லினமரின் சிதையாமலே கிழங்கினுள் நின்றுவிடும். இலையை வறைக்கு எடுப்போர் அதனை நன்கு இடித்துச் சிறிது நேரம் வைத்த பின்னரே அவித்தல் வேண்டும்.

மரவள்ளியுடன் இஞ்சி சேர்க்கலாகாது என்பர் பெரியோர். விரும்புவோர் அதனைக் கைக்கொள்க. ஆனால் இஞ்சியை விலக்கியதனால் மாத்திரம் கிழங்கின் நஞ்சு நீங்கிவிடாது.

வரட்சியில் விளைந்த கிழங்கில் நஞ்சு கூடுதலாயிருக்கும். கைக்கும் கிழங்கை ஒதுக்கிவிடுக. தோண்டி இரண்டு மூன்று நாள் கிடந்து நீலக்கோடு பாய்ந்த கிழங்கும் உணவுக்கு உதவாது.

நமது உடலுக்கும் ஒரு காப்பு உண்டு. ஈரலிலுள்ள நொதியம் ஒன்று சயனைட்டைக் கந்தகத்துடன் சேர்த்துத் தீங்கு குறைந்த பொருளாக மாற்ற, அது சிறுநீருடன் கழிகின்றது. அக்கந்தகம் புரத உணவிலிருந்தே கிடைப்பது. மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாகாணத்தில் 1981 ஆம் ஆண்டு வரட்சியின்போது, புரதம் குறைந்த நிலையில், பசி மிகுதியால் நன்கு பதப்படுத்தப்படாத கைப்பு மரவள்ளியையே உண்டுவந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் கால்கள் விறைத்து நடை கெட்டது. பெரும்பாலும் பெண்களும் சிறுவருமே பாதிக்கப்பட்டனர். அவித்த கிழங்கை வெறுஞ் சம்பலுடன் உண்பதிலும், மீனோ முட்டையோ பயறோ சேர்த்து உண்பதே சிறந்தது.

மரவள்ளி உண்ட ஒருவருக்குத் தலைச்சுற்று, வாந்தி, மூச்சுத்திணறல் என்பன தோன்றின், கைவைத்தியத்திற் காலங்கடத்தாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. உண்டது மரவள்ளி என்பதை வைத்தியருக்கு முதலிலேயே கூறுதல் வேண்டும்.