தாய் நண்டின் கடற்பயணம்



செந்தூல் சந்தையில் கயிற்றால் கட்டுண்டு கிடக்கும் சேற்று நண்டுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். மலாய் மொழியில் அவற்றைக் ‘கெத்தாம் நிப்பா’ என்பர். அடுத்த முறை காணும்பொழுது, நண்டின் வயிற்றுப்புறத்தை உற்று நோக்குங்கள். அங்கே மடிந்திருக்கும் மடல் குறுகி முக்கோணமாக இருப்பின் அது ஆண். அகன்று வட்டமாக இருப்பின் பெண். அவ்வகன்ற மடலே நண்டுக் குஞ்சுகளின் தொட்டில்.

கிள்ளான் துறைமுகத்திற்கு அப்பாலுள்ள கெத்தாம் தீவு, நண்டின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. அங்குள்ள சதுப்புநிலக் காடே சேற்று நண்டின் இல்லம். பெண் நண்டு பழைய ஓட்டைக் கழற்றி மெல்லுடலோடு இருக்கும் வேளையில் ஆண் நண்டு அதனோடு இணைகின்றது. ஓடு இறுகும்வரை அதனை அணைத்துக் காக்கின்றது. ஆணிடம் பெற்ற விந்தணுக்களைப் பெண் தன் உடலுக்குள் பல வாரங்கள் சேமித்து வைக்கும். சினை முதிர்ந்ததும் அது காட்டை விட்டுக் கடலை நோக்கிப் புறப்படும். ஏன் தெரியுமா? அதன் குஞ்சுகள் உப்பு மிகுந்த நீரில்தான் பிழைக்கும்; ஆற்றுநீர் மிகுதியாகக் கலந்த நீரில் மடிந்துவிடும்.

வெளிவரும்போதே கருவுறும் முட்டைகள், மடலின் கீழுள்ள மயிரிழைகளில் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஒரு பெரிய தாய் 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமக்கும். மடலை அசைத்து அவற்றுக்குப் புதுநீர் ஊட்டும். முதலில் முட்டைகள் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். உள்ளிருக்கும் கரு மஞ்சட்கருவை உண்டு வளர வளர, கரிய கண்கள் தோன்றும், இதயம் துடிக்கும், முட்டைக்கொத்து கருமையடையும். நம் வெப்பக்கடலில் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் குஞ்சுகள் வெளிவரும்.

அக்குஞ்சு நண்டைப் போலவே இராது! நீண்ட முள்ளும் பெரிய கண்களும் கொண்டு நீரில் மிதக்கும். இதனைச் ‘சோயியா’ என்பர். முற்காலத்து அறிஞர் இதனை வேறோர் உயிரினம் என்றே எண்ணினர். அது நண்டின் குஞ்சே என்று ஜான் வாகன் தாம்சன் என்பார் 1828-இல் எழுதினார். சேற்று நண்டின் சோயியா ஐந்து பருவங்களைக் கடந்து, கொடுக்கும் வாலும் உடைய ‘மெகலோப்பா’ ஆகும்; பின்னரே சின்னஞ்சிறு நண்டாகும். இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். வழியில் மீன்களுக்கு இரையாகி மடிபவையே மிகப்பல. ஆதலால்தான் அத்தனை முட்டைகள்!

இதனை அறியாத நாளில், தோட்டப்பள்ளித் தலைமையாசிரியனாகிய நானும் சுவைக்காகச் சினை நண்டுகளையே தேடி வாங்கினேன். கடலுக்குப் புறப்படவிருந்த தாயரையே சமைத்துவிட்டோம் என்பது பின்னரே விளங்கிற்று. நண்டே உண்ணலாகாது என்று நான் கூறவில்லை. மீனவரும் பிழைக்க வேண்டுமன்றோ? எனினும் தாயர் குறைந்தால், நாளை அவர்தம் வலையும் வெறுமையாகும். ஆகவே, சந்தைக்குச் செல்லும் அன்னையிடம், “அம்மா, ஆண் நண்டே போதும்” என்று சொல்லுங்கள். எப்படி இனங்காண்பது என்பதை இனி நீங்களே அவருக்குக் காட்டலாம்.