கலைப்பொருள் வாணிகமும் ஆளறி சோதனையும்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகம போன்ற வயல்சூழ் ஊர்களில் எருமையொன்று கைமாறுமிடத்து, அதன் உரிமையைக் காட்டும் சீட்டும் உடன் செல்லல் வேண்டும். இலங்கையின் 1958ஆம் ஆண்டு 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் இம்முறையை வகுத்தது. எருமைக்கு வேண்டப்பட்ட இவ்விழிப்பு, பல கோடி விலைபெறும் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நெடுங்காலம் வேண்டப்படவில்லை என்பது வியப்பிற்குரியதன்றோ?

கலைப்பொருளை வாங்குவோன் தன் பெயரை மறைத்தல் அவ்வாணிகத்தில் நாகரிகமாகவே கொள்ளப்பட்டு வந்தது. அன்றியும், ஓவியத்துக்கு இன்ன விலையென்று அறுதியிட்டுரைக்கும் அளவுகோல் இல்லை. அதனைச் சுருட்டி எடுத்துச் செல்லலாம். பண்டகசாலையிற் பல்லாண்டு பூட்டி வைக்கலாம். தீய வழியில் ஈட்டிய பணத்தை ஓவியமாக மாற்றிப் பின்னர் அதனை விற்பவன், ‘இஃது ஓவியம் விற்ற பணம்’ என்று கூறிவிடலாம். பணந்தூயதாக்கல் என்பது இதுவே.

இவ்வழியை அடைக்கவே, பிரித்தானியாவில் 2020 சனவரி 10 முதல், 10,000 யூரோவும் அதற்கு மேலுமான கலைப்பொருட் கொடுக்கல் வாங்கல்களில் வாணிகர் தம் வாடிக்கையாளர் யாரென அறிந்து, ஆவணங்கொண்டு உறுதிசெய்தல் கடனாயிற்று. தொகையைச் சிறு கூறுகளாகப் பிரித்துச் செலுத்தினும் தொடர்புடையவை ஒன்றாகவே எண்ணப்படும். இங்குக் கடினமானது பெயரறிதல் அன்று; பெயருக்குப் பின்னால் நிற்பவனை அறிதலே. 2020 யூலையில் அமெரிக்க மூதவையின் உபகுழுவொன்று வெளியிட்ட அறிக்கை இதனை நன்கு விளக்கிற்று. பொருளாதாரத் தடைக்குள்ளான இரசியச் செல்வரோடு தொடர்புடையவையெனக் கருதப்பட்ட கம்பனிகள், தடையின் பின்னரும், 180 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை இடையாள் வழியாக வாங்கின. ஏலநிறுவனங்கள் இடையாளையே வாங்குவோனாகக் கொண்டு அமைந்துவிட்டன.

எனினும், வாங்குவோனை மாத்திரம் சோதித்தல் போதுமா? அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயில் நடராசர் திருமேனியின் வரலாறு வேறு விடை தருகின்றது. 2006இல் களவாடப்பட்ட அச்சோழர் காலச் செப்புத் திருமேனியை, 2008இல் அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயோர்க் வாணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து 50 இலட்சம் டொலருக்கு வாங்கிற்று. வாங்கியது அரச நிறுவனம், பணமும் நேர்மையானது. எந்த ஆளறி சோதனையிலும் அது தடையின்றித் தேறியிருக்கும். பொய்யாயிருந்தது திருமேனியின் பூர்வீகமே. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்துக்கு முன்னரே அது நாடு நீங்கியதெனப் போலி ஆவணம் புனையப்பட்டிருந்தது.

அப்பொய்யை வெளிப்படுத்தப் பெருந்துணை புரிந்தவை புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பேணிய பழைய நிழற்படங்கள். ஊர்க்கோயிலொன்றில் ஆய்வாளர் ஆராய்ச்சிக்கென எடுத்த படம், கடல்கடந்து நின்ற திருமேனிக்குப் பிறப்புச் சான்றாயிற்று! படமெடுக்கப்படாத கோயில்களின் திருமேனிகளுக்கு அத்தகைய சான்று எங்கிருந்து வரும்? கபூர் 2011இல் யேர்மனியிற் பிடிபட்டு, 2012இல் இந்தியாவுக்கு ஒப்படைக்கப்பட்டார். மற்றொரு சிலைத்திருட்டு வழக்கில் 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. நடராசரை 2014 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் புதுடில்லியில் நேரிற் கையளித்தார்.