சுவர் எழும்ப முன் உள்ளே பார்ப்போம்

வீடு கட்டும் பேச்சு எழுந்ததும் நாம் முதலில் வெளிப்புறத்தையே நினைக்கிறோம். கூரை ஓடா தகரமா, முன்னால் எத்தனை தூண், வீதியால் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் கதைக்கிறோம். ஆனால் வாழப்போவது உள்ளேதான். உலை கொதிப்பதும், பிள்ளை படிப்பதும், நோயாளி படுப்பதும், நெல் மூட்டை அடுக்குவதும் உள்ளேதான். அந்த உள்ளிடத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? பெரும்பாலும் மேசன் கொண்டுவரும் படமோ, அலுவலகத்தில் கிடைக்கும் மாதிரிப் படமோ தீர்மானித்துவிடுகிறது.

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களாகிய எமக்கு இது சிறிய விடயமன்று. கூடாரத்திலும் கொட்டிலிலும் உறவினர் வீட்டு விறாந்தையிலும் பல ஆண்டுகள் கழித்தவர்கள் நாம். சமைத்த இடத்திலேயே உண்டு உறங்கிப் பழகிவிட்டோம். நிரந்தர வீடு வாழ்வில் ஒருமுறைதான் அமையும். 2012 ஒக்ரோபரில் விரிவாக ஆரம்பமான இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. பரப்பளவு ஏறத்தாழ 550 சதுர அடி. வீட்டுக்காரரே கட்டுவிக்கும் முறை அது. ஆகவே உள்ளே எது எங்கே வரவேண்டும் என்று சொல்லும் வாய்ப்பு குடும்பத்தின் கையில் இருந்தது. ஆயினும் முற்கூட்டியே திட்டமிடாமல் அத்திவாரத்தைப் பெரிதாக வெட்டி, பணம் போதாமல் கடன்பட்டவர்களும் உளர்.

கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை

வீட்டின் உள்ளமைப்பைத் திட்டமிடுவது பணக்காரருக்கு மட்டும் உரிய வேலை என்று எண்ணுவது தவறு. எமது நாட்டின் முன்னோடிக் கட்டடக் கலைஞரான மினெற் டி சில்வா (1918–1998) கண்டியில் வட்டபுலுவ வீடமைப்புத் திட்டத்தை 1950களின் பிற்பகுதியில் உருவாக்கினார். அது அரச ஊழியர்களுக்கான திட்டம். 200க்கும் அதிகமான வீடுகள். அவர் ஒரே படத்தை எல்லோருக்கும் கொடுக்கவில்லை. குடியேறப் போகிறவர்களைச் சந்தித்தும் கேள்விக்கொத்துக் கொடுத்தும் அவர்களுடைய தேவைகளையும் வாழ்க்கை முறையையும் கேட்டறிந்தார். அதன் பின்னரே பல வகையான வீட்டுப் படங்களை வரைந்தார்.

இன்னோர் உதாரணம் ஜேர்மனியில் உண்டு. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற பெண் பிராங்பேர்ட் நகரசபையின் தொழிலாளர் வீடுகளுக்குக் குசினி அமைத்தார். சமைக்கும்போது பெண்கள் எத்தனை அடி வீணாக நடக்கிறார்கள் என்று கணக்கிட்டு, ஏறத்தாழ 6 அடி அகலமும் 11 அடி நீளமும் கொண்ட இடத்தில் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். ஆனால் அந்தக் குசினியில் ஒருவர்தான் நின்று வேலை செய்யலாம் என்ற குறை பின்னர் சொல்லப்பட்டது. தாயும் மகளும் மாமியும் சேர்ந்து சமைக்கும் எமது வீடுகளுக்கு அதை அப்படியே எடுக்க முடியாது. நாம் எடுக்க வேண்டியது அவர் வரைந்த படத்தையல்ல, வேலையைக் கவனித்த பின் படம் வரைந்த அவரது முறையை.

முதலில் கேள்விகள்

படம் வரைய முன் குடும்பத்தார் எல்லோரும் கூடியிருந்து பின்வருவனவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வோம்.

1. விடிய எழும்பியது முதல் படுக்கும்வரை யார் எங்கே என்ன வேலை செய்கிறோம்?
2. இரவில் எத்தனை பேர் படுக்கிறோம்? வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குத் தனியிடம் உண்டா?
3. நடக்க இயலாதவர், ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ பாவிப்பவர் இருக்கிறாரா?
4. அறுவடைக் காலத்தில் எத்தனை மூட்டை உள்ளே வரும்?
5. ஆண்துணை இல்லாத வீட்டில் இரவில் குசினிக்கோ மலசலகூடத்துக்கோ போவது எப்படி?

இக்கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெண்களே. வீட்டினுள் அதிக நேரம் உழைப்பவர்கள் அவர்கள்தாம்.

உடம்பே அளவுகோல்

நின்று சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடிக்கட்டும். முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே வருவதே குசினி மேடையின் உயரம். அதற்கு மேலென்றால் தோள் நோகும், கீழென்றால் நாரி நோகும். இருந்து சமைக்கும் அம்மாவுக்கு நின்று சமைக்கும் மேடை தேவையில்லை. நாளாந்தம் எடுக்கும் பொருளின் தட்டு அவரது உயர்த்திய கைக்கு மேலே போகக்கூடாது.

படுக்கையறையை எடுப்போம். 10 அடிக்கு 10 அடி அறையில் 3 அடி அகலமும் 6¼ அடி நீளமும் உள்ள இரண்டு கட்டில்களை இரு பக்கச் சுவர்களோடு போட்டால், நடுவில் நடப்பதற்கு 4 அடி கிடைக்கும். ஆனால் 3 அடிக் கதவு ஒரு பக்கச் சுவரின் நடுவில் வந்துவிட்டால் இருபுறமும் 3½ அடி வீதமே மிஞ்சும். அந்தப் பக்கத்தில் கட்டில் போட முடியாது. அதே கதவை மூலைப்பக்கம் தள்ளினால் 7 அடி மிஞ்சும், கட்டில் வசதியாக நிற்கும். இதற்குச் செலவு ஒரு சதமும் கூடாது. சுவர் எழும்பிய பின் மாற்றுவதென்றால் இடிகூலி, கட்டுகூலி இரண்டும் கொடுக்க வேண்டும்.

சக்கர நாற்காலி உள்ள வீட்டில் கதவு 3 அடி அகலம் இருக்கட்டும். அது திரும்ப 5 அடி வட்டம் தேவை. வாசலில் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமான சாய்தளம் வேண்டும்.

காற்றும் புகையும்

வடபகுதியில் சோளகம் தென்மேற்கிலிருந்தும், வாடை வடகிழக்கிலிருந்தும் வீசும். குசினி வடகிழக்கில் இருந்தால் வாடை காலத்திலும், தென்மேற்கில் இருந்தால் சோளக காலத்திலும் புகை வீட்டினுள் வரும். தென்கிழக்கிலோ வடமேற்கிலோ இருந்தால் இரு காற்றும் புகையை அறைகளுக்குள் தள்ளுவது குறையும். எமது முன்னோர் தென்கிழக்கை அக்கினி மூலை என்று அழைத்தது இதற்கும் பொருந்தி வருகிறது. அடுப்புக்கு மேலே கூரையைத் தாண்டி எழும் புகைக்கூடும், எதிரெதிராக இரு யன்னல்களும் அமைப்போம். விறகு அடுப்பென்றால் இரண்டு பானை வைக்கக்கூடிய அனகி மண்ணடுப்பு விறகை மிச்சப்படுத்தும். கண்ணெரிவும் இருமலும் சமைப்பவரின் தலைவிதி அல்ல.

கமக்காரரின் பொருட்களுக்கு இடம்

மாதிரிப் படங்களில் மறக்கப்படுவது இதுதான். நெல் மூட்டையை வெறும் சீமெந்து நிலத்தில் வைத்தால் ஈரம் ஏறும். பலகைச் சட்டத்தின் மேல், சுவரில் முட்டாமல், ஆள் போய்ப் பார்க்க இடம்விட்டு அடுக்க வேண்டும். ஆகவே அறையை அளக்கும்போதே மூட்டைக்கும் சேர்த்து அளப்போம். மண்வெட்டி, கத்தி, தெளிகருவி என்பவற்றுக்குப் பின்விறாந்தையில் ஒரு தட்டு போதும். ஆனால் கிருமிநாசினிப் போத்தலை ஒருபோதும் குசினியிலோ படுக்கையறையிலோ வைக்கக்கூடாது. வீட்டுக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டுள்ள பெட்டி ஒன்றை ஆரம்பத்திலேயே படத்தில் குறித்துக்கொள்வோம். அவசர மனக்கலக்கத்தில் கைக்கெட்டும் நஞ்சு உயிரைக் குடித்த வீடுகள் எமது கிராமங்களில் உண்டு.

நிலத்தில் கீறிப் பார்ப்போம்

பிள்ளையின் சதுரக் கோடிட்ட கணிதக் கொப்பியை எடுத்து, ஒரு சதுரத்தை ஓர் அடியாகக் கொள்வோம். கட்டில், மேசை, அலுமாரி, மூட்டை அடுக்கு ஆகியவற்றை அதே அளவில் கடதாசி மட்டையில் வெட்டி, படத்தின் மேல் நகர்த்திப் பார்ப்போம். பின்பு முற்றத்தில் கட்டைகள் நட்டு, கயிறு இழுத்து, சாம்பலால் உண்மையான அளவில் வீட்டைக் கீறுவோம். கதவு வரும் இடத்தால் உள்ளே நுழைந்து, தண்ணீர்க் குடத்தோடு நடந்து, பாய் விரித்துப் படுத்துப் பார்ப்போம். இடம் போதாவிட்டால் சாம்பல் கோட்டைக் காலால் அழித்து வேறு கோடு கீறலாம். மூன்று நாட்கள் அப்படியே விட்டால் அயலவரும் வந்து குறை சொல்வார்கள். அதுவும் நல்லதே.

முடிந்த படத்தை அத்திவாரம் வெட்ட முன் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமும் மேசனிடமும் காட்டி, சுவரின் பலம், கூரையின் பாரம் பற்றி அவர்களின் சொல்லைக் கேட்போம். அவை அவர்கள் அறிந்தவை. நாம் எப்படி வாழ்கிறோம் என்பது நாம் அறிந்தது. இரண்டும் ஒரு கடதாசியில் சேர வேண்டும். பணம் போதாதென்றால் எந்த அறையை அடுத்த போகத்துக்குப் பின் கட்டுவது என்பதையும் அதிலேயே குறித்துவைப்போம்.

எமது இளைஞர், யுவதிகளில் இதில் ஆர்வமுள்ளவர்கள் படவரைவு, மரவேலை, மேசன் வேலை ஆகிய பயிற்சிநெறிகளில் சேர்ந்து தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம். ஊரில் ஒருவர் கற்றால் பத்து வீடுகளுக்குப் பயன்படும். காணி இன்னும் விடுபடாமல் காத்திருக்கும் குடும்பங்களும் இப்போதே ஆரம்பிக்கலாம். கொப்பியும் கயிறும் ஒரு கடகம் சாம்பலும் இருந்தால் போதும்.