தாத்தாவின் குரோனோகிராஃப் வாட்ச்: ரிப்பேர் செய்யலாமா, பாலிஷ் போடலாமா?

கடப்பாக்கம், மரக்காணம் பக்கம் பழைய வீடுகளில் பீரோவைக் குடைந்தால் சில நேரம் இப்படி ஒரு வாட்ச் கிடைக்கும். சாவிக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். பெரிய டயலுக்குள் ஒன்றிரண்டு குட்டி டயல். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்த பெரியவர் கொண்டுவந்ததாக இருக்கலாம். சென்னை பர்மா பஜாரில் வாங்கியதாகவும் இருக்கலாம். "ஓடல, சும்மா போட்டு வெச்சிருக்கோம்" என்பார்கள்.

அந்த வாட்சைத் தேடி வாங்குபவர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். சரியான கையில் கொடுத்தால் அது இன்னும் பல ஆண்டுகள் ஓடும். தவறான கையில் கொடுத்தால் ஒரே மதியத்தில் அதன் மதிப்பு போய்விடும். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? பார்ப்போம்.

குரோனோகிராஃப் என்றால் என்ன?

நேரம் காட்டும் வாட்சுக்குள்ளேயே ஒரு ஸ்டாப் வாட்சும் இருந்தால் அது குரோனோகிராஃப். குரோனோமீட்டர் என்பது வேறு. துல்லியமாக ஓடுகிறது என்று சோதித்துச் சான்று தரப்பட்ட கடிகாரம் அது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

டயலின் ஓரத்தில் உள்ள எண்களுக்கும் வேலை உண்டு. 'டாக்கிமீட்டர்' என்று எழுதியிருந்தால் அது வேகம் காட்டும் அளவு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகும்போது ஒரு கிலோமீட்டர் கல்லில் பொத்தானை அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 45 விநாடி ஆனால், முள் 80-ஐக் காட்டும். அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர். (பக்கத்து சீட்டில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலை இது, ஓட்டுபவர் அல்ல.) 'டெலிமீட்டர்' என்றால் தூரம் காட்டுவது. மின்னல் வெட்டியதும் அழுத்தி, இடி கேட்டதும் நிறுத்தினால் இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று தெரியும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும் என்பதே அதன் கணக்கு.

யார் கண்டுபிடித்தது?

பிரான்சைச் சேர்ந்த லூயி முவானே 1816-ல் ஒன்றைச் செய்தார். 1821-ல் நிக்கோலா ரியூசெக் குதிரைப் பந்தயத்துக்காகச் செய்த கருவி, டயலில் மைப் புள்ளி வைத்து நேரத்தைப் பதிவு செய்தது. கிரேக்க மொழியில் 'குரோனோ' என்றால் காலம், 'கிராஃப்' என்றால் எழுதுவது. பெயர் அப்படி வந்ததுதான்.

1844-ல் அடால்ஃப் நிக்கோல் ஒரு முக்கியமான விஷயத்துக்குக் காப்புரிமை பெற்றார்: முள்ளை நொடியில் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரும் இதய வடிவத் தகடு. விநாடி முள்ளின் அச்சில் அது பொருத்தப்பட்டிருக்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னச் சுத்தியல் அந்தத் தகடின் மேல் வந்து அழுந்தும். தகடு எந்த நிலையில் இருந்தாலும், சுத்தியலின் அழுத்தத்தில் வழுக்கிச் சுழன்று, இதயத்தின் பள்ளமான இடத்தில் வந்துதான் நிற்கும். முள்ளும் 12-க்கு வந்துவிடும். இன்றைய மெக்கானிக்கல் குரோனோகிராஃபிலும் இதே வழிதான்.

தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் வந்தது 1969-ல். ஜெனித், ஹோயர்-பிரைட்லிங் கூட்டணி, ஜப்பானின் சீக்கோ என மூன்று தரப்பும் ஒரே ஆண்டில் களம் இறங்கின. சீக்கோவின் 6139 அப்போது வந்ததுதான்.

இந்தியாவில் செய்யவில்லையா?

பொதுத்துறை நிறுவனமான எச்எம்டி, ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. ஜனதா, பைலட் எல்லாம் அங்கிருந்து வந்தவை. நல்ல சாவி வாட்சுகள், ஆனால் இவற்றில் குரோனோகிராஃப் கிடையாது. அதனால் மெக்கானிக்கல் குரோனோகிராஃப் என்றாலே நம் வீடுகளில் வெளிநாட்டுச் சரக்குதான். 1980-களில் ஓசூரிலிருந்து டைட்டன் குவார்ட்ஸ் வாட்சுகள் வந்தன. பேட்டரி போட்டால் ஓடும் வாட்ச் வந்த பிறகு, சாவி வாட்சைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016-ல் ஒப்புதல் கொடுத்தது.

உப்புக் காற்று என்ன செய்யும்?

கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சாதாரண வாட்சில் தண்ணீர் நுழைய ஒரு வழி, சாவி. குரோனோகிராஃபில் மூன்று வழி: சாவியோடு இரண்டு பொத்தான்களும். அவற்றின் ரப்பர் வளையங்கள் நாளாக நாளாக இறுகி வெடித்துவிடும். உப்பு ஈரம் உள்ளே போனால் முதலில் துருப்பிடிப்பது எஃகுப் பாகங்கள். ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு பொட்டுத் துரு விழுந்தாலும் வாட்ச் சரியான நேரம் காட்டாது. பித்தளை மேல் குரோம் முலாம் பூசிய கேஸ் என்றால் வெளிப்புறமும் குழி குழியாக அரிக்கும்.

* கட்டிக் கழற்றியதும் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள்.
* காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.
* 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று எழுதியிருந்தாலும் பழைய வாட்சைத் தண்ணீரில் நனைக்காதீர்கள்.
* முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தாதீர்கள். மேல் பொத்தானால் நிறுத்திய பிறகே அழுத்த வேண்டும். (ஃபிளைபேக் என்ற வகை மட்டும் விதிவிலக்கு.)
* பல வருஷம் தூங்கிய வாட்சுக்குச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும்; உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது

"புதுசு மாதிரி பண்ணித் தர்றேன் சார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகிவிட வேண்டும். பழைய வாட்சுக்குத் தேவை சர்வீஸ்: முழுதாகப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மட்டும் மாற்றி, எண்ணெய் போட்டு, நேரம் சரிபார்ப்பது. கேஸைத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் அதன் கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிடும்; திரும்ப வராது. டயலுக்குப் புது பெயின்ட் அடிப்பது அதைவிட மோசம். சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பதே பெரும்பாலும் அசல் டயலுக்குத்தான். பால் நியூமன் என்ற ஹாலிவுட் நடிகர் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 2017-ல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போனது. நம் வீட்டு வாட்சுக்கு அந்த விலை வராது. ஆனால் விதி ஒன்றுதான்.

கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். குரோனோகிராஃப் பிரித்த அனுபவம் உண்டா? எந்தப் பாகத்தை மாற்றப் போகிறீர்கள்? மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்பவரிடம் கொடுக்கலாம். உள்ளே, வெளியே இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வாங்குவதாக இருந்தால்?

டயல் மறுபடி அச்சடித்து, பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய சரக்கு இணையத்தில் நிறைய. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருஷ வாட்சின் டயல் மட்டும் பளபளவென்று, எழுத்து தடித்துக் கலங்கி இருந்தால் சந்தேகப்படுங்கள். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முள் சரியாக 12-ல் நிற்க வேண்டும். சீக்கோ என்றால் பின்மூடியில் உள்ள எண்ணைப் பாருங்கள்: முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். 6139-ல் அது 35 என்று தொடங்கினால், 1973 மே. விற்பவர் சொல்லும் வருஷத்தோடு அது பொருந்துகிறதா என்று பார்க்கலாம். இயந்திரத்தின் படத்தைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இருட்டில் மின்னும் முள் ஆபத்தா?

1960-கள் வரை வந்த பல வாட்சுகளில் ரேடியம் பூச்சு இருந்தது. அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டு ஆகும். மின்னுவது நின்றுபோனாலும் கதிரியக்கம் நிற்பதில்லை. மூடிய வாட்சைவிட, உதிரும் தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. எனவே வீட்டில் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். ரிப்பேர் செய்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. வாங்கிய பில், டப்பா, பெரியவர் அதைக் கட்டியிருக்கும் பழைய போட்டோ ஏதாவது இருந்தால் வாட்சோடு சேர்த்து வையுங்கள். எந்த ஊரில், எந்த வருஷம் வாங்கினார் என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துவிடுங்கள். டயல் கெட்டால்கூட இன்னொன்று தேடலாம். இந்த விவரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.