முயல் தின்றும் பட்டினி

கனடாவின் வடகாட்டில் பனிக்காலத்தில் சிக்கிக்கொண்டவர் முயலைத் துரத்தினால் நட்டம்தான். ஓடிச் செலவழித்த தெம்பு கறியில் திரும்பி வராது. அங்குள்ள கிரீ, டெனே பழங்குடியினர் முயல் வரும் வழியில் கண்ணி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான் கண்ணி வைப்பார்கள்.

அவர்கள் குறிவைப்பது ஸ்னோஷூ முயல். எடை 1.5 கிலோ அளவில் இருக்கும். கோடையில் பழுப்பாகவும் பனிக்காலத்தில் வெள்ளையாகவும் நிறம் மாறும். அகன்ற பின்னங்கால்கள் இருப்பதால் பனியில் புதையாது. ஆனால் போன தடத்திலேயே திரும்பத் திரும்பப் போகும். அந்தப் பழக்கம்தான் அதற்கு எமன்.

முன்பு நரம்பையும் வில்லோ மரப்பட்டை நாரையும் முறுக்கிக் கண்ணி செய்தார்கள். பிறகு பித்தளைக் கம்பி வந்தது. கம்பியின் ஒரு நுனியில் சிறு காது முறுக்கி, மறுநுனியை அதில் நுழைத்தால் சுருக்கு தயார். அகலம் சுமார் 10 செ.மீ.; தடத்திலிருந்து நாலு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். ரொம்ப உயர்ந்தால் முயல் அடியில் நுழைந்துவிடும், தாழ்ந்தால் தாண்டிவிடும். இருபுறமும் குச்சிகளை நட்டு வேறு வழியை அடைப்பார்கள். தலை நுழைந்ததும் முயல் மிரண்டு முன்னே பாயும். பாயப் பாயச் சுருக்கு இறுகும். வளைத்துக் கட்டிய இளமரம் முயலை மேலே தூக்கிவிட்டால் நரி, லின்க்ஸ் பூனை வாய்க்கு எட்டாது. கடுங்குளிரில் பச்சை மரம் உறைந்து விசையை இழக்கும் என்பதால், அடிப்பக்கம் கனத்த கழியை ஏற்றம்போலப் பொருத்துவதும் உண்டு.

நாள்தோறும் முயல் கிடைத்தாலும் ஆபத்து தீர்வதில்லை. முயல்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. புரதத்தைச் சிதைக்கும்போது வரும் நைட்ரஜனை யூரியாவாக மாற்ற ஈரலுக்கு ஓர் எல்லை உண்டு. உணவின் ஆற்றலில் ஏறத்தாழ 35 சதவீதத்துக்கு மேல் புரதத்திலிருந்தே வந்தால் உடல் திணறும். வயிற்றுப்போக்கு, தலைவலி, சோர்வு, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. வடதுருவப் பயணி வில்யால்மர் ஸ்டெஃபான்சன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ‘முயல் பட்டினி’ என்றே இதற்குப் பெயர்.

மூளையையும் எலும்பு மஜ்ஜையையும் விடாமல் தின்பதும் கறி வெந்த நீரைக் குடிப்பதும் ஓரளவு கைகொடுக்கும். துலரீமியா என்ற தொற்றும் முயலிலிருந்து பரவும். கையில் காயத்தோடு தோலுரிக்கக் கூடாது, கறி நன்றாக வேக வேண்டும். பக்கத்தில் ஏரி இருந்தால், கண்ணியோடு கொழுப்புள்ள மீனுக்கும் தூண்டில் போட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

இந்தியாவில் காட்டு முயலுக்குக் கண்ணி வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.